அரைக்கால் அங்குலம்

திருவனந்தபுரம் கடலோர நகரம் என்றாலும் சமதளம் அல்ல. சங்குமுகம் கடற்கரையை விட்டு உள்ளே வர வரத் தெருக்கள் குன்றுகளின் மேல் ஏறி இறங்குகின்றன. கிழக்கே கோட்டையில், பத்மநாபசுவாமி கோயில் பக்கம் தாழ்வாகத் தொடங்கும் எம்.ஜி. சாலை, ஓவர்பிரிட்ஜைக் கடந்ததும் ஆயுர்வேதக் கல்லூரி வழியாகத் தலைமைச் செயலகத்தை நோக்கி மேடேறுகிறது. பாளையம் தாண்டி பி.எம்.ஜி. பக்கம் போனால் மறுபடி சரிவு. காரிலும் ஸ்கூட்டரிலும் போகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம் உறைப்பதில்லை. சைக்கிள்காரருக்குத் தொடை சொல்லிவிடும்.

கியர் இல்லாத சைக்கிளில் ஏற்றம் வந்தால் வழி ஒன்றுதான். சீட்டிலிருந்து எழுந்து, உடம்பின் எடை முழுவதையும் ஒரு பெடல் மேல் இறக்கி மிதிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் செயின் நழுவினால், காலுக்கு அடியில் இருந்த பிடிப்பு சட்டென்று இல்லாமல் போகும். பெடல் வெறுமனே கீழே ஓடும். உடம்பு முன்னால் சாய்ந்து ஹேண்டில்பாரில் மோதும். பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தால் அந்த நொடி மிக நீளமானது.

என் வீடு கரமனையில். அலுவலகம் பாளையத்துக்குப் பக்கத்தில். கிள்ளிப்பாலம், சாலைக் கடைத்தெரு, கிழக்கே கோட்டை, அப்புறம் அந்த மேடு. மொத்தம் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியதும் எனக்குச் சர்க்கரை வந்தது. உடம்பை அசைக்கச் சொன்னார் மருத்துவர். நாகர்கோவிலில் என் தந்தை வாத்தியார் வேலை பார்த்த காலத்தில் ஓட்டிய 28 அங்குல கறுப்புச் சைக்கிள் வீட்டில் இருந்தது. துருவைத் துடைத்து, டயரும் டியூபும் மாற்றி, அதிலேயே அலுவலகம் போகத் தொடங்கினேன். சர்க்கரை அடங்கியது. காலை நேரத்தில் மனமும் தெளிந்தது. ஒரு வண்டிக்கு இவ்வளவு கடன்பட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அந்த வண்டியில்தான் செயின் நழுவத் தொடங்கியது. முதலில் ஆயுர்வேதக் கல்லூரி மேட்டில் மட்டும். பிறகு சிக்னலில் நின்று கிளம்பும்போதும். அதனால் எழுந்து மிதிப்பதை விட்டேன். அடுத்து, மேடு வந்தால் இறங்கித் தள்ளத் தொடங்கினேன். வண்டிக்கு வயதாகிவிட்டது, நமக்கும் வயதாகிவிட்டது என்ற எண்ணம் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்கும் பேச்சும் எழுந்தது. மறுத்துச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. வயதாகிவிட்டது என்ற அந்த எண்ணம் ஓர் இரும்பு ஸ்கேலின் முன் எப்படிக் கரைந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சைக்கிளை நம்பி நாளைக் கழிக்கும் யாருக்கும் இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

கழல்வது வேறு, நழுவுவது வேறு

செயின் பல்சக்கரத்தை விட்டு வெளியே வந்து தொங்கினால் அது கழல்வது. செயின் தொய்ந்திருந்தாலோ, முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலோ, பெரிய பல்சக்கரம் வளைந்திருந்தாலோ செயின் கழலும். நழுவுவது அப்படியல்ல. செயின் பல்லின் மேலேயேதான் இருக்கும். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் ஒரு பல்லைத் தாண்டி அடுத்த பல்லில் "டக்" என்று விழும். இரண்டுக்கும் காரணம் வேறு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதால்தான் பல வண்டிகள் கடைக்குப் போய் வந்தும் தேறுவதில்லை.

அழுத்தி மிதிக்கும்போது செயினில் எவ்வளவு இழுப்பு விழுகிறது என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியில் பெடலைத் தாங்கும் கிராங்க் 165 மில்லிமீட்டர் நீளம். முன்னே 44 பல். செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 44 பல்லுக்கு வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 89 மில்லிமீட்டர் வரும். நெம்புகோல் கணக்குப்படி, பெடலில் நான் வைக்கும் எடை செயினுக்குப் போய்ச் சேரும்போது 1.85 மடங்காகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பெடல் மேல் ஏறி நின்றால் செயினில் விழும் இழுப்பு சுமார் 110 கிலோ. கட்டை விரல் அகலம்கூட இல்லாத ஒரு சங்கிலி ஒரு நெல் மூட்டையைவிடக் கூடிய பாரத்தை ஒவ்வொரு மிதியிலும் தாங்குகிறது. சமதளத்தில் மிதிக்கும்போது இதில் சிறு பங்குதான். அதனால்தான் சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கிறது.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கடையில் முதலில் காட்டினேன். செயின் தொய்ந்திருக்கிறது என்று சொல்லி, பின் ஆக்சில் நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்துக் கட்டித் தந்தார்கள். கொஞ்ச காலம் நழுவல் குறைந்தது. திரும்பி வந்தபோது புதுச் செயின் போட்டார்கள். கறுப்பு எண்ணெய் மினுங்கும் புதுச் செயினோடு கிளம்பினேன். ஓவர்பிரிட்ஜ் தாண்டி ஏற்றத்தில் அழுத்தியபோது முன்னைவிட மோசமாக நழுவியது. பழைய செயினாவது இடைக்கிடை பிடித்தது; புதுச் செயின் ஒவ்வொரு மிதிக்கும் தாவியது.

சாலைக் கடைத்தெருவில்

கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவைத் தமிழ் வாசகர்களுக்கு ஆ. மாதவன் ஏற்கெனவே அறிமுகம் செய்திருக்கிறார். அந்தத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு அந்தத் தெருவின் மனிதர்களையே கதைகளாக எழுதியவர் அவர். திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய சந்தை அது. இன்றும் தமிழும் மலையாளமும் கலந்து விலை பேசும் இடம். அதன் கிளைச் சந்து ஒன்றில் சைக்கிள் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எல்லோரும் அவரை "ஆசான்" என்றுதான் அழைப்பார்கள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் செயினைத் தொடவேயில்லை. செயின் கவரின் திருகுகளைக் கழற்றி, பின் சக்கரத்துப் பல்லைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் பல்லைப் பாத்தியளா சார்?"

பார்த்தேன். பல் நேராக நிற்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றுபோல் சரிந்து இறங்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் குழிந்து, நுனி அந்தக் குழிவின் மேலேயே சாய்ந்திருந்தது. சங்குமுகத்தில் கரைக்கு வரும் அலை மடியுமுன் முன்னால் வளைந்து நிற்குமே, அந்த வளைவு.

"பழைய செயினு நீண்டுபோச்சு. அதுக்குத் தக்கன இந்தப் பல்லும் தேஞ்சிருக்கு. ரெண்டும் சேந்து கெட்டதனால இத்தன நாளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து ஓடிச்சு. இப்பப் புதுச் செயினு வந்து உக்கார இதுல இடம் இல்ல."

"செயின் நீளுமா ஆசானே? இரும்பாச்சே?"

"பழச எறிஞ்சிட்டியளா?"

எறியவில்லை. கடையில் காகிதத்தில் சுற்றித் தந்த பழைய செயின் கேரியர் பையிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஆணியில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, 12 அங்குல இரும்பு ஸ்கேலை என் கையில் தந்தார். "கண்ணால பாத்துச் சொல்லாதிய. அளந்து சொல்லுங்க."

ஒரு பின்னின் ஓரத்தில் பூஜ்யத்தை வைத்தேன். அங்கிருந்து 24-ஆவது பின்னின் அதே ஓரம் சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். அரை அங்குலமாக 24 இடைவெளி, 12 அங்குலம். புதுச் செயின் அப்படித்தான் நின்றது. பழைய செயினில் அந்தப் பின் ஸ்கேலின் முனையைத் தாண்டி வெளியே நின்றது. ஆசான் இன்னொரு ஸ்கேலை ஒட்டி வைத்துப் பார்த்தார். அரைக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல்.

"மாகாணி ஏறினா செயின மாத்தணும். அரைக்கால் ஏறியாச்சுன்னா செயினும் பல்லும் சேத்து மாத்தணும். இவ்வளவுதான் கணக்கு."

மாகாணி என்றால் பதினாறில் ஒன்று; அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. சிறு வயதில் வாய்ப்பாடாகச் சொல்லி மறந்துபோன இந்த அளவுகள் ஒரு சைக்கிள் பட்டறையில் உயிரோடு இருந்தன.

மூன்று மில்லிமீட்டரின் கதை

செயினின் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் சுழலும் ரோலர். செயின் பல்சக்கரத்தில் மடங்கும்போதெல்லாம் பின் புஷ்ஷுக்குள் உராய்கிறது. மணலும் துருவும் சேர்ந்தால் அந்த உராய்வு அரமாக மாறுகிறது. ஒரு கண்ணிக்குச் சராசரியாக 0.13 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். 24 கண்ணிக்கு அது 3 மில்லிமீட்டரைத் தாண்டும். அதுதான் அரைக்கால் அங்குலம். ஒரு கண்ணியை மட்டும் பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாத தேய்மானம், ஓர் அடி நீளத்தில் கூடிக் காட்டிவிடுகிறது. ஸ்கேலின் தேவை அங்கேதான்.

பல்லுக்கு வரும் கேடும் இதிலிருந்தே பிறக்கிறது. 18 பல் உள்ள பின் பல்சக்கரத்தில் சுமார் பாதிப் பற்கள் எப்போதும் செயினுக்குள் இருக்கும். அளவு சரியாக இருக்கும்வரை அவை பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். செயின் நீண்டதும் ரோலர்கள் பல்லின் அடியில் உட்காராமல் சரிவில் மேலேறி நிற்கும். பாரம் ஓரிரு பற்களின் மேல் குவியும். அந்த இடம் குழியும். குழிந்த பல் செயினை இன்னும் மேலே ஏற்றும். முன்னே 44, பின்னே 18 என்றால், ஒரு முறை பெடலைச் சுற்றும்போது பின் பல்சக்கரம் 2.44 முறை சுற்றுகிறது. அதாவது பெரிய பல்சக்கரத்தின் ஒரு பல் ஒரு முறை வேலை செய்யும் நேரத்தில், பின்னே உள்ள பல் ஏறத்தாழ இரண்டரை முறை வேலை செய்கிறது. முதலில் தேய்வது பின் பல்தான். பெரிய பல்சக்கரம் பல செயின்களைப் பார்த்துவிடும்.

தொய்வை மட்டும் இழுத்துக் கட்டினால் சில நாள் சரியானதுபோல் தோன்றுவதன் காரணமும் இதனால் விளங்கியது. இறுக்கமான செயினுக்குப் பல்லைவிட்டு எழ இடம் குறைவு. அதனால் நோய் மறைந்திருக்கும், போயிருக்காது. புதுச் செயின் போட்டதும் நழுவல் கூடியதற்கும் இதுவே காரணம். புதுச் செயினின் அரை அங்குல அளவுக்கும் தேய்ந்த பல்லின் இடைவெளிக்கும் ஒத்துவரவில்லை.

இந்த ரோலர் செயினுக்கு வயது கொஞ்சமல்ல. மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் இதை உருவாக்கினார். இந்த நகரத்தின் நேப்பியர் அருங்காட்சியகம் கட்டி முடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1885-இல், ஜான் கெம்ப் ஸ்டார்லி பின் சக்கரத்தைச் செயினால் ஓட்டும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அன்று பிறந்த அமைப்பைத்தான் இன்றும் மிதிக்கிறோம்.

வேலை நடந்த விதம்

ஆசான் வேலையைத் தான் செய்யாமல் என்னைச் செய்ய வைத்தார். அதை நான் பெரிய கொடையாக நினைக்கிறேன். ஆர்வம் உள்ளவர்கள் செய்துபார்க்கும்படி அதன் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், நழுவுவது எங்கே என்று உறுதி செய்ய வேண்டும். முன் சக்கரத்தைச் சுவரில் முட்டி நிறுத்தி, பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு பல்லிலும் அதன் மேல் இருக்கும் கண்ணியிலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிறகு பெடலைக் கையால் பலமாக அழுத்த வேண்டும். கண்ணி கோட்டைவிட்டு அடுத்த பல்லுக்குப் போனால் குற்றம் செயினிலும் பல்லிலும். இரண்டு கோடுகளும் சேர்ந்தே நகர்ந்து, சக்கரம் மட்டும் திரும்பாமல் நின்றால் குற்றம் பின் பல்சக்கரத்தைத் தாங்கும் ஃப்ரீவீலின் உள்ளே. ஃப்ரீவீலுக்குள் சிறு கொக்கிகள் உண்டு. மயிரிழை போன்ற ஸ்பிரிங் அவற்றைத் தள்ளிப் பிடித்திருக்கும். பிசுக்கு அடைத்தாலோ ஸ்பிரிங் ஒடிந்தாலோ கொக்கி பிடிக்காமல் பெடல் வெறுமனே சுற்றும். அதற்குச் செயினை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அடுத்து, பின் சக்கரத்தைக் கழற்றி ஃப்ரீவீலை எடுப்பது. வண்டியின் வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கழலும். மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே வந்த மரை அது, ஆண்டுக்கணக்கில் இறுகியிருக்கும். அதன் காடிக்குப் பொருந்தும் ரிமூவரை வைத்து, ஆக்சில் நட்டால் அசையாமல் பிடித்து, ரிமூவரை வைஸில் கவ்வ வைத்துச் சக்கரத்தையே திருப்ப வேண்டும். சக்கரம்தான் அங்கே நீண்ட கைப்பிடி. சுத்தியலும் உளியும் வைத்து அடித்துக் கழற்றினால் ஹப்பின் மரை கெடும். வைஸ் இல்லாத வீட்டில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறைக்குப் போவது நல்லது. கழன்றதும் நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைத் திருக வேண்டும். புதியதை மாட்டுமுன் மரையைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவினால் அடுத்த முறை எளிதாக வரும்.

மூன்றாவது, செயினின் நீளம். கண்ணிகளை ஒற்றையாகக் குறைக்க முடியாது. உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்த ஒரு ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். அது ஓர் அங்குலம். செயினில் ஓர் அங்குலம் குறைத்தால் சக்கரம் அரை அங்குலம் முன்னால் வரும், ஏனென்றால் செயின் மேலும் கீழுமாக இரண்டு வரிசை ஓடுகிறது. ஃபோர்க்கின் காடியில் ஆக்சில் நடுவில் நிற்கும்படி அளவு வைத்தால் பின்னால் இழுக்க இடம் மிஞ்சும்.

நான்காவது, செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் செயின் லாக். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் வரிசையில் செயின் முன்னோக்கி ஓடும். ஆகவே மேல் வரிசையில் மூடிய முனை முன்னால், பிளந்த முனை பின்னால். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசி லாக் கழன்று விழும்.

ஐந்தாவது, இறுக்கம். மேல் வரிசையின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு ஆட வேண்டும். ஆனால் ஓர் இடத்தில் பார்த்துவிட்டு முடிக்கக் கூடாது. பெரிய பல்சக்கரம் எந்த வண்டியிலும் முழு வட்டமாக இருப்பதில்லை. பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஓரிடத்தில் செயின் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தை வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து கட்டிவிட்டால், இறுகும் இடத்தில் பேரிங் பால்ஸ் நசுங்கும், மிதிப்பும் கனக்கும்.

கடைசியாக நட்டு. மிதிக்கும்போது செயின் வலப்பக்க ஆக்சிலை முன்னால் இழுக்கும். நட்டு தளர்ந்திருந்தால் வலப்பக்கம் மட்டும் முன்னேறி, சக்கரம் கோணலாகி, டயர் இடப்பக்க ஃபோர்க்கில் உரசும். உரசல் கேட்டால் முதலில் வலப்பக்க நட்டைப் பார்க்க வேண்டும். செயின் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இந்தக் கவலை குறைவு.

இவையெல்லாம் முடிந்த பிறகு ஆசான் பெரிய பல்சக்கரத்தின் முன் ஓரத்தில் செயினை விரலால் முன்னால் இழுத்துப் பார்த்தார். பல்லைவிட்டு அதிகம் எழவில்லை. பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும். "இது உங்க அப்பா காலத்துச் சக்கரம். இன்னும் கெடக்கும்" என்றார்.

மறுநாள் காலை ஆயுர்வேதக் கல்லூரி மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். ஒவ்வொரு மிதியும் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தலைமைச் செயலகம் வந்தபோது மூச்சு வாங்கியது. ஆனால் வயதைப் பற்றிய அந்த எண்ணம் கூட வரவில்லை. அவ்வளவு நாளும் நான் முதுமை என்று பெயர் வைத்திருந்தது மூன்று மில்லிமீட்டர் தேய்மானத்துக்கு.

மழை நகரத்துச் செயின்

இந்த நகரத்தில் செயின் சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை. அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம். நடுவில் கடலின் உப்புக் காற்று. மழை நீரோடு சிவந்த மண் தெறித்துச் செயினில் ஒட்டுகிறது. நனைந்த செயினை அப்படியே நிறுத்தினால் காலையில் துரு தெரியும். மழையில் ஓட்டிய அன்று இரவே ஒரு பழைய துணியால் செயினைச் சுற்றிப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடைப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு முன் கை கழுவுகிற நேரம்தான் ஆகும்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். செயினுக்கு அது வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் இங்கேயே அந்தக் குளிர் உண்டு. கிரீஸை வெளியே பூசுவதும் நல்லதல்ல. எண்ணெய் வேண்டியது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில்; வெளியே பூசிய கிரீஸ் அங்கே இறங்காது, மணலை மட்டும் பிடித்து வைக்கும். மண்ணெண்ணெயில் பிரஷ் நனைத்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு ரோலரிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, சற்று நேரம் பெடலைச் சுற்றிவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். செயின் பார்க்க உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதே நல்ல நிலை.

கழுவும்போதே ஒவ்வொரு கண்ணியையும் மடக்கிப் பார்க்கலாம். துரு பிடித்து மடங்காத ஒரே ஒரு கண்ணி இருந்தாலும், அது பின் பல்லின் மேல் வரும்போதெல்லாம் செயின் தாவும். ஒவ்வொரு மிதிக்கும் நழுவாமல், சில சுற்றுகளுக்கு ஒரு முறை சீராக நழுவினால் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் கண்ணியை எண்ணெய் விட்டு இரு பக்கமும் மெல்ல அசைத்தால் இளகிவிடும்.

இன்று இளைஞர்கள் வாங்கும் சிங்கிள் ஸ்பீட் வண்டிகளுக்கும் இதே பாடம் பொருந்தும். அவற்றில் பலவும் இதே அரை அங்குலச் செயினில்தான் ஓடுகின்றன. அகலத்தை மட்டும் கவனிக்க வேண்டும். கியர் இல்லாத வண்டிகளில் பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு அங்குல அகலமுள்ள செயின். கியர் வண்டிகளுக்கு அதைவிடக் குறுகியது. குறுகிய செயினைத் தடித்த பல்லில் மாட்டினால் அது பல்லின் தலையில் ஏறி நிற்கும், அடியில் இறங்காது.

பழுது பார்க்கத் தகுந்த பொருள்

நம் நாட்டில் பெரிய சைக்கிள் தொழிற்சாலைகள் பலவும் எழுந்தது சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில். சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டது. சோனிப்பட்டில் அட்லஸ் 1951-இல் வந்தது. லூதியானாவில் ஹீரோ 1956-இல். அன்று வைத்த செயின் அளவு இன்றுவரை மாறவில்லை. அதனால்தான் என் தந்தையின் வண்டிக்குத் தேவையான செயினும் ஃப்ரீவீலும் இன்றும் சாலைக் கடைத்தெருவில் கேட்டவுடன் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் ஸ்கூட்டரின் ஒரு மாதப் பெட்ரோல் செலவைத் தொடாது. அறுபது ஆண்டுப் பழைய பொருளுக்கு இன்று கடையில் உதிரிப் பாகம் கிடைக்கும் என்று வேறு எந்த வாகனத்தைப் பற்றிச் சொல்ல முடியும்?

இதே நகரத்தின் வடக்கே தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அந்த நாட்களில் ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோனார்கள். 1966-இல் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் எடுத்த படத்தில், ராக்கெட்டின் முனைக்கூம்பைக் கேரியரில் ஏற்றி உருட்டிச் செல்வதைப் பார்க்கலாம். வறுமையின் அடையாளமாகச் சிலர் அந்தப் படத்தைக் காட்டுவதுண்டு. நான் அதில் நம்பிக்கையைப் பார்க்கிறேன். மணல் பாதையில் விலை மதிப்பற்ற ஒரு பொருளைச் சேர்க்க, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த, தங்களால் பழுது பார்க்க முடிந்த வாகனத்தை அவர்கள் தேர்ந்தார்கள்.

பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதுதான் என் கவலை. ஆசான் போன்றவர்களிடம் இருப்பது பாகத்தை மாற்றும் திறமை மட்டும் அல்ல. எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டியதில்லை என்று அளந்து சொல்லும் அறிவு. அது கடையோடு மூடப்படுவதற்கு முன் நாம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டால் அவர்களும் கற்றுக்கொள்வார்கள். மரை எந்தப் பக்கம் திரும்பும், நெம்புகோல் எப்படி எடையைப் பெருக்கும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதைவிட ஒரு ஃப்ரீவீல் நன்றாகச் சொல்லிவிடும்.

வண்டியில் நான் கற்றது வண்டியோடு நிற்கவில்லை. வீட்டுப் பொருளோ உடம்போ ஒன்று சரியாக வேலை செய்யாதபோது "பழசாகிவிட்டது" என்று சொல்வது எளிது. அந்தச் சொல் எதையும் கண்டுபிடிப்பதில்லை. எப்போது கெடுகிறது, எந்தப் பாரத்தில் கெடுகிறது, எந்த அளவு மாறியிருக்கிறது என்று கேட்ட பிறகே பரிகாரம் தெரிகிறது. என் சர்க்கரையையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அளவைக் குறித்து வைக்கிறேன், அதற்குத் தக்கபடி நடக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஏதோ மூலையில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கலாம். மழைக்காலம் தொடங்குமுன் ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து அதன் செயினில் 24 கண்ணியை அளந்து பாருங்கள். மாகாணி ஏறியிருந்தால் செயினை மாற்றுங்கள். அரைக்கால் ஏறியிருந்தால் செயினையும் ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஏறவில்லை என்றால் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். அந்த வண்டி இன்னும் பல காலம் உங்களைச் சுமக்கும்.